இருபத்தோராம் நாள் முழுக்கு

— அப்படி இல்லைக்கா. இறங்கறப்போ சுகமில்லாத கால் முதல்ல. ஏறறப்போதான் நல்ல கால். அத்தை, வலது காலை வைங்க... ம், அதான். இடது கையால கம்பியைப் பிடிச்சுக்கோங்க. விடாதீங்க.

— இருபது நாளா இதைச் சொல்றே, எனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது தங்கச்சி. இருபத்தாறு வருஷமா இந்தப் பொம்பளைங்க குளத்துல ஆளை இறக்கி ஏத்தறேன். எந்தக் கால் முதல்லன்னு எவளும் எனக்குப் பாடம் நடத்தினதில்லை. பெரியம்மா, உங்க மருமகளுக்கு வாத்தியார் வேலை போட்டுக் குடுக்கலாம்.

— நானா சொல்லலைக்கா. ஆஸ்பத்திரியில நடைப்பயிற்சி குடுத்தவர் சொன்னது.

— யார் சொன்னா என்ன, பெரியம்மா உட்கார்ந்தாச்சு. முதுகை என் மேல சாய்ச்சுக்கோங்க. எப்படி இருக்கு தண்ணி? பாரு, கண்ணை மூடிட்டாங்க. முதல் குளம் அப்படித்தான், தூக்கம் தூக்கமா வரும்.

— முப்பத்தேழு டிகிரி இருக்கு.

— அந்தக் கண்ணாடிக் குச்சியைக் கடைசி நாளும் கொண்டு வந்துட்டியா? என் முழங்கையை நம்ப மாட்டியா நீ?

— உங்க முழங்கையை நம்பறேன்க்கா. அத்தையோட ரத்தக்கொதிப்பைத்தான் நம்ப முடியலை.

— நல்லா பேசக் கத்துக்கிட்டே. வந்த அன்னிக்கு வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி நின்னே. எது கேட்டாலும் 'சரிங்க', 'சரிங்க'. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? பேச்சு போனது மாமியாருக்கா மருமகளுக்கான்னு தெரியலையேன்னு நினைச்சேன்.

— இந்தா! கேக்குதா? இறங்கியாச்சா?

— இறங்கியாச்சுங்க! முதல் குளத்துல இருக்கோம்!

— அம்மா ஏதாவது பேசினாங்களா?

— இல்லைங்க! இப்பத்தானே இறங்கினோம்!

— சரி சரி, பார்த்து!

— உன் வீட்டுக்காரரா?

— ஆமாக்கா. காலையில முதல் பஸ்ஸுல வந்தார், எங்களைக் கூட்டிட்டுப் போக. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆம்பளைங்க குளத்துல இருக்கார்.

— சுவத்துக்கு மேல கத்தக் கூடாதுன்னு இந்தப் பெரிய போர்டு மாட்டி வச்சிருக்கு. அதுக்குக் கீழ நின்னுதான் எல்லாரும் கத்தறாங்க. போன வாரம் ஒருத்தர், 'சாவியை எங்கடி வச்சே'ன்னு கேட்டு, பதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து நாலு பேர் ஆளுக்கொரு இடம் சொன்னாங்க. பெரியம்மா சிரிக்கிறாங்க பாரு!

— சிரிச்சீங்களா அத்தை? வாய் ரெண்டு பக்கமும் ஏறுதுக்கா. வந்தப்போ வலது பக்கம் அப்படியே தொங்கிட்டு இருந்துச்சு.

— தண்ணி வேலை செய்யுதுன்னு இப்பவாவது ஒத்துக்கறியா?

— சரியாச் சொல்லணும்னா, சூடு தசையைத் தளர்த்துது. ரத்த ஓட்டம் கூடுது. தினமும் ரெண்டு வேளை கையையும் காலையும் பிடிச்சு விடறோம்.

— அம்மன்?

— அம்மனும்தான். அம்மன் இல்லைன்னு நான் எப்பச் சொன்னேன்? அவ இல்லாமலா இருபத்தொரு நாள் வேண்டிக்கிட்டு வந்திருக்கேன்.

— அப்படிச் சொல்லு. ஒரு தடவை மண்ணைப் பத்திப் படிச்சவர் ஒருத்தர் வந்தார். மழைத்தண்ணி பூமிக்குள்ள ரொம்ப ஆழம் இறங்கி, சூடாகித் திரும்பி வருதுன்னார். அர்ச்சகர், அம்மன் கோவத்துல காலை ஓங்கி மிதிச்ச இடம் இதுன்னார். ரெண்டு பேரும் ஊத்துக்கண் பக்கத்துல நின்னு ஒரு மணி நேரம் சண்டை. நான் நடுவுல போய், 'ஐயா, ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் சொல்றீங்க. கீழ என்னமோ கொதிக்குது. தள்ளி நில்லுங்க, கால் வழுக்கும்'னேன்.

— நீங்க எப்படிக்கா இந்த வேலைக்கு வந்தீங்க? கேக்கணும்னு நினைச்சுட்டே இருந்தேன்.

— சாமி கனவுல வந்து கூப்பிட்டுச்சுன்னு சொல்லட்டுமா? கேக்கறவங்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்றது. நிஜம் என்னன்னா, எங்க அம்மாவுக்கு முட்டிவலி. கூட்டிட்டு வந்தேன். இங்க வேலை பார்த்தவ அன்னிக்குத்தான் வேலையை விட்டுட்டுப் போறா. வேலை காலி. எனக்கும் திரும்பிப் போக அப்படியொண்ணும் வீடுன்னு இல்லை. இருந்துட்டேன். முட்டிவலி போகலை, வேலை கிடைச்சுது. சரி, மூணு முழுக்கு ஆச்சா?

— ஆச்சு. தலைக்கு மூணு தடவை ஊத்திட்டேன்.

— அப்ப ரெண்டாவது குளம். எழுந்திரிங்க பெரியம்மா. இப்ப எந்தக் கால்? நல்ல கால். பாரு, கத்துக்கிட்டேன்.

— மெதுவா அத்தை. ஒண்ணும் அவசரமில்லை. இன்னிக்கு மழையினால கூட்டமே இல்லை.

— மழை பெஞ்சா நல்லதுதான். சோப்பு கொண்டு வர்ற கூட்டம் வராது. இது கோயில் தண்ணி, உங்க வீட்டுக் குளியலறை இல்லைம்மான்னு சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வத்திப் போச்சு. இதோ, இந்தப் படியில உட்கார வை. தண்ணி விழற வாய்ப்பக்கம் வேண்டாம், அங்க வேகம் ஜாஸ்தி... இல்லை, அங்கேயே உட்காரட்டும். கம்பியைக் காட்டறாங்க. அந்த இடம் அவங்களுக்குப் பிடிக்கும்.

— முப்பத்தொன்பதரை.

— நாடி பார்த்தாச்சா?

— எண்பத்திரண்டு. பரவாயில்லை.

— உன் விரலை அவங்க மணிக்கட்டுல வைக்கிற அழகைப் பார்த்தா, நீ தையல்காரின்னு யாரு நம்புவா?

— படிச்சது வேற. லேப் வேலைக்குப் படிச்சேன். ரத்தம், சர்க்கரை, எல்லாம் பரிசோதனை பண்றது.

— அப்புறம் ஏன் ஜாக்கெட் தைக்கிறே?

— அது ஒரு கதைக்கா. விடுங்க.

— விட்டுட்டேன். அரிசி மூட்டை கட்டிக் கொண்டு வந்திருக்கியா?

— இதோ இருக்கு. வெள்ளைத் துணியில கட்டியிருக்கேன். ரெண்டு கைப்பிடி. போதுமா?

— தாராளம். மூணாவது குளத்துலேர்ந்து ஏறினதும் கயித்துல கட்டி ஊத்துக்கண்ணுல விட்டுடுவோம். இருபது நிமிஷத்துல வெந்துடும். முதல் கவளம் அம்மனுக்கு, ரெண்டாவது பெரியம்மாவுக்கு, மிச்சத்தை இங்க இருக்கிற எல்லாருக்கும். உப்பு போடக் கூடாது. மாத்துப் புடவை?

— உள்ள கொடியில போட்டிருக்கேன். இப்ப கட்டியிருக்கிறதை ரெண்டு பேரும் இங்கேயே விட்டுட்டுப் போறோம்.

— ஆமா. உடம்புல இருந்ததை, மனசுல இருந்ததை, எல்லாத்தையும் அந்தத் துணியோட விட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம ஏறணும். அதுக்கு முன்னாடி இன்னொண்ணு இருக்கே, தெரியுமில்லை?

— என்ன?

— மூணாவது குளத்துல, தாய்க்குளத்துல, கடைசி முழுக்குக்கு முன்னாடி விட்டுட்டுப் போறது என்னன்னு வாயைத் திறந்து சொல்லணும். மனசுக்குள்ள சொன்னா கணக்கில்லை. கூட வந்தவங்க காதுல விழணும். அதான் முறை.

— எனக்கு யாரும் சொல்லலையே.

— கடைசி நாள்தான் சொல்வோம். முதல் நாளே சொன்னா ஜனங்க இருபது நாளும் உட்கார்ந்து ஒத்திகை பார்க்குதுங்க. ஒருத்தி நாலு பக்கம் எழுதிக் கொண்டு வந்து படிச்சா. முக்கால்வாசி அவ நாத்தனாரைப் பத்தி.

— அக்கா... தாய்க்குளம் வேண்டாம்னு நினைக்கிறேன்.

— என்னது?

— டாக்டர் அதிக சூடு வேண்டாம்னு சொல்லியிருக்கார். ரெண்டாவது குளத்தோட நிறுத்திக்கலாம்.

— நேத்து நீதானே சொன்னே, மழை பெஞ்சா சூடு கம்மியாகும், மூணு நிமிஷம் இடுப்பு வரைக்கும் உட்காரலாம், டாக்டரைப் போன்ல கேட்டுட்டேன்னு? இப்ப டாக்டர் பேச்சை மாத்திட்டாரா?

— இல்லை.

— நான் சொல்றேன் கேளு. உனக்குப் பயம் தண்ணி மேல இல்லை. இருபது நாளா பார்க்கிறேன். பெரியம்மா உதட்டை அசைச்சா, உன் முகம் வெளுத்துப் போகுது. பேச்சு வரணும்னு வேண்டிக்கிட்டு வந்தவ, பேச்சு வந்துடுமோன்னு பயப்படறே.

— மெதுவாப் பேசுங்கக்கா.

— தண்ணி விழற சத்தத்துல அவங்களுக்கு என்ன கேக்கப் போகுது? நீ இப்படி என் பக்கம் வா. கையை அவங்க தோள்ல வச்சுக்கோ, பரவாயில்லை. சொல்லு. இன்னிக்கு அவங்க பேசிட்டா என்ன பண்ணுவே?

— தெரியலை.

— என்ன சொல்லிடுவாங்கன்னு பயம்?

— அன்னிக்கு நடந்ததைச் சொல்லிடுவாங்க. அவர்கிட்ட.

— என்ன நடந்துச்சு?

— இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லைக்கா.

— நான் யாரு? நாளைக்கு உன் மூஞ்சி எனக்கு மறந்துடும். வருஷத்துக்கு எத்தனை மூஞ்சி பார்க்கிறேன்.

— போன வருஷம், அத்தையோட சர்க்கரை ரிப்போர்ட் வாங்கறதுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் மட்டும்தான் போனேன். ரிப்போர்ட் குடுக்கிற ஜன்னல்ல என்கூடப் படிச்சவ உட்கார்ந்திருக்கா. பத்தொன்பது வருஷம் கழிச்சுப் பார்க்கிறேன். என்னைப் பார்த்ததும் அவ முதல்ல கேட்டது என்ன தெரியுமா? 'நீ ஏன்டி வரலை?'ன்னு கேட்டா.

— எங்க?

— வேலைக்கு. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாப் பரீட்சை எழுதினோம். எனக்கு வேலை வரலைன்னுதான் இத்தனை வருஷமா நான் நினைச்சுட்டு இருக்கேன். அவ சொல்றா, பட்டியல்ல என் பேர் அவ பேருக்கு மேல இருந்துச்சாம். உத்தரவு ரிஜிஸ்டர் தபால்ல போயிருக்கு. வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்துப் போட்ட அட்டை ஆபீசுக்குத் திரும்பி வந்திருக்கு. நான் வருவேன்னு நாப்பத்தஞ்சு நாள் அந்த இடத்தைக் காலியா வச்சிருந்தாங்களாம்.

— அட கடவுளே.

— அப்ப நான் பிரசவத்துக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். தபால் புகுந்த வீட்டு விலாசத்துக்குத்தான் வரும். அவர் மோட்டார் ரிப்பேர் பட்டறை வச்சிருக்கார், காலையில போனா ராத்திரிதான் வருவார். பகல்ல வீட்ல இருக்கிறது அத்தை மட்டும்.

— ம்.

— ஆஸ்பத்திரியிலேர்ந்து நடந்தே வீட்டுக்குப் போனேன். பஸ் பிடிக்கணும்னு தோணலை. அத்தை கட்டில் மேல உட்கார்ந்து துணி மடிச்சுட்டு இருந்தாங்க. செருப்பைக் கூடக் கழட்டாம நேரா போய் நின்னு கேட்டேன். 'என் பேருக்கு வந்த தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கினது யாரு? அதை என்ன பண்ணினீங்க?'ன்னு.

— என்ன சொன்னாங்க?

— மடிச்ச துணி கையிலேர்ந்து நழுவுச்சு. என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. வாயைத் திறந்தாங்க, மூடினாங்க. மறுபடியும் திறந்தாங்க. ஒரு சத்தமும் வரலை.

— பேச்சு அப்பவே போயிடுச்சா?

— அப்பவேதான் போயிருக்கு. எனக்குத் தெரியலையேக்கா! பதில் சொல்ல இஷ்டமில்லாம உட்கார்ந்திருக்காங்கன்னு நினைச்சேன். எனக்கு வந்த கோவத்துல, 'நடிக்காதீங்க'ன்னு கத்தினேன். 'வாயைத் திறக்க வேண்டாம். இனிமே ஆயுசுக்கும் உங்க குரலை நான் கேக்க வேண்டாம்'னு சொன்னேன். சொல்லிட்டுச் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன்.

— எத்தனை நேரம்?

— பத்து நிமிஷம். ஒருவேளை பதினஞ்சு. சரியாச் சொல்லத் தெரியலை, கடிகாரத்தைப் பார்க்கலை. எல்லாத்துக்கும் நேரம் பார்க்கிறவ, அன்னிக்குப் பார்க்கலை. வெளிய வந்தப்போ கட்டில்லேர்ந்து சரிஞ்சு கிடந்தாங்க. வலது கை அடியில மாட்டியிருந்துச்சு.

— நீ உடனே பார்த்திருந்தாலும்...

— வாய் ஒரு பக்கம் போறது, கையில இருந்து துணி நழுவறது, இதெல்லாம் என்னன்னு படிச்சவக்கா நான். தெரிஞ்சிருக்கணும். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்னு புஸ்தகத்துல கோடு போட்டு மனப்பாடம் பண்ணினவ.

— அழாதே. பெரியம்மா திரும்பிப் பார்க்கிறாங்க. முகத்தைக் கழுவு. தண்ணி வசதி நிறைய இருக்கு இங்க.

— ஒண்ணுமில்லை அத்தை. தண்ணி தெறிச்சுடுச்சு கண்ணுல. நல்லா சாஞ்சுக்கோங்க.

— உன் வீட்டுக்காரருக்கு இது தெரியாதா?

— தபால் விஷயம் தெரியும். மூணாம் நாள் ஆஸ்பத்திரியில, அத்தை கட்டில் பக்கத்துல உட்கார்ந்திருந்தப்போ சொன்னேன். நான் கத்தினதைச் சொல்லலை. அதைச் சொல்ல வாய் வரலை.

— அவர் என்ன சொன்னார்?

— அத்தை போர்வையை இழுத்துச் சரி பண்ணினார். அப்புறம், 'அம்மாவாத்தான் இருக்கும். நீ வெளியூருக்கு வேலைக்குப் போறது அவங்களுக்குப் பிடிக்காது. இந்த நிலைமையில அவங்களை என்ன கேக்கறது, விட்டுடு'ன்னார். அவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைக்கா. அந்தக் காலத்துலயே வேலை வரலைன்னு நான் அழுதப்போ, அந்த மாசமே ஒரு தையல் மெஷின் வாங்கிக் குடுத்தார். என் மனசு உடைஞ்சுடக் கூடாதுன்னு. இந்த ஒரு வருஷமும் அம்மாவைத் தூக்கறதும் துடைக்கறதும் எனக்குச் சமமாப் பண்றார். இங்க வந்த இருபது நாளும் சாயங்காலம் போன் பண்ணி, 'அம்மா பேசினாங்களா'ன்னுதான் முதல் கேள்வி.

— கை கால் எப்படி இருக்குன்னு கேக்க மாட்டாரா?

— அதையும் கேப்பார். முதல்ல இது. பேச்சு இல்லாம அம்மாவைப் பார்க்க அவருக்குத் தாங்கலை.

— ம்... இப்ப ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. அந்தத் தபாலுக்கு, பெரியம்மா மேல உனக்கு இன்னும் கோவம் இருக்கா?

— முதல்ல இருந்துச்சு. குளிப்பாட்டறப்போ கூட இருந்துச்சு. சோறு ஊட்டறப்போ கூட. ஒரு கவளம் ஊட்டுவேன், ஏன் இப்படிப் பண்ணினீங்கன்னு மனசுக்குள்ள கேப்பேன். இன்னொரு கவளம் ஊட்டுவேன். அப்புறம் எப்ப போச்சுன்னு தெரியலை. ஒரு நாள் தலை சீவி விட்டுட்டு இருந்தேன். கேள்வி வரலை. அடுத்த நாளும் வரலை. இப்ப எனக்கு அந்தப் பதிலே வேண்டாம்க்கா. நான் அன்னிக்குச் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கணும். அது மட்டும் போதும்.

— அப்ப தாய்க்குளத்துல இறங்கு. சொல்லு. அவங்க காதுல விழற மாதிரி.

— மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வராதுக்கா. ஒரு வருஷமா முயற்சி பண்றேன்.

— மூஞ்சியை யார் பார்க்கச் சொன்னா? பின்னால உட்கார்ந்து முதுகைத் தாங்கிக்கோ. தண்ணியைப் பார்த்துச் சொல்லு. அதுக்குத்தானே இந்த முறையை வச்சிருக்கு! இல்லைன்னா ஊர்ல பாதிப் பேர் எதையும் சொல்லாமலே செத்துப் போயிடுவாங்க.

— நாப்பத்தொண்ணு இருந்தாத்தான். அதுக்கு மேல இருந்தா இறங்க மாட்டேன்.

— குச்சியை விடு, பாரு.

— நாப்பதரை.

— அம்மன் உனக்காக அரை டிகிரி தள்ளுபடி குடுத்திருக்கா. வாங்க பெரியம்மா. இதுதான் கடைசி. ஏழு படி. நான் முன்னாடி இறங்கறேன், என் தோளைப் பிடிச்சுக்கோங்க. சுகமில்லாத கால் முதல்ல.

— மெதுவா... ரெண்டு... மூணு. அத்தை, சுட்டா கையைத் தட்டுங்க. உடனே ஏறிடலாம்.

— தட்ட மாட்டாங்க. நல்லா உட்கார்ந்துட்டாங்க. இடுப்பு வரைக்கும் போதும். ஆவி முகத்துல அடிக்குதா? துண்டை நனைச்சு நெத்தியில போடறேன். ஆ, அப்படி. நீ பின்னால வா, தங்கச்சி. உட்கார். மூணு நிமிஷம்தான் இருக்கு உனக்கு. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

— அத்தை.

— கொஞ்சம் சத்தமா.

— அத்தை... அன்னிக்கு நான் சொன்ன வார்த்தையை இங்க விட்டுட்டுப் போறேன். உங்க குரலைக் கேக்க வேண்டாம்னு சொன்னேன் இல்லையா, அதை. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள நின்னேன் இல்லையா, அந்தப் பத்து நிமிஷத்தை. அதை விட்டுட்டுப் போக முடியுமான்னு தெரியலை. ஆனா சொல்லிட்டேன். உங்களுக்குப் பேச்சு வந்தா, முதல்ல என்னைத் திட்டுங்க. அவர்கிட்டயும் சொல்லுங்க, நானே கூட நிக்கறேன். தபாலை நீங்க வாங்கினதைப் பத்தி இனிமே இந்த ஜென்மத்துல கேக்க மாட்டேன். உங்களை நான் மன்னிச்சு எவ்வளவோ நாளாச்சு. நீங்களும் என்னை மன்னிச்சுடுங்க.

— நீ... எதுக்கும்மா... மன்னிப்புக் கேக்கறே?

— அத்தை!

— பதறாதே, பதறாதே. பிடியை விட்டுடப் போறே. நல்லா பிடிச்சுக்கோ.

— அக்கா, பேசறாங்க! அத்தை பேசறாங்கக்கா!

— தெரியும். பேசி நாலு நாளாச்சு. நீ மாத்துத்துணி எடுக்கப் போயிருந்தே. படியில கால் வழுக்குச்சு, 'விடாதே'ன்னாங்க என்கிட்ட. நான் கூவறதுக்குள்ள என் வாயைப் பொத்திட்டாங்க. மருமகள்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. ஏன்னு கேட்டேன், சொல்லலை. அதான் இன்னிக்கு உன் வாயைக் கிளறினேன்.

— நாலு நாளாவா? ஏன் அத்தை? என்மேல அவ்வளவு கோவமா?

— இல்லை. பேச்சு வந்தா... நீ கேட்டதுக்குப் பதில் சொல்லணுமே.

— அதைத்தான் வேண்டாம்னு சொல்லிட்டேனே.

— அன்னிக்கு... சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ கேட்டதும் சொல்லிடணும்னுதான். நாக்கு புரளலை.

— விடுங்க அத்தை. மூச்சு வாங்குது உங்களுக்கு. நாடி ஓடுது. ஏறிடலாம்.

— இரு. ஆஸ்பத்திரியில... என் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து நீங்க பேசினது எல்லாம் கேட்டுச்சு எனக்கு. கண்ணை மூடிட்டுக் கிடந்தேன். எல்லாம் கேட்டுச்சு. நீ எனக்கு ஊட்டினப்பல்லாம் சோறு இறங்கலைம்மா. இருபது வருஷம் முன்னாடி ஒரு சத்தியம் பண்ணிக் குடுத்தேன், வெளிய சொல்ல மாட்டேன்னு.

— யாருக்கு சத்தியம் பண்ணிக் குடுத்தீங்க?

— இந்தா! என்ன அங்க சத்தம்? அம்மா குரல் மாதிரி இருந்துச்சே! பேசினாங்களா? என்ன சொன்னாங்க?

— இருங்க, சொல்றேன்! அத்தை, யாருக்கு?

— தபால் வந்த அன்னிக்கு, எனக்குக் கையெழுத்துத்தான் போட வரும், படிக்கத் தெரியாதுன்னு, மத்தியானச் சோத்துக்கு வந்திருந்த அவனைத்தான் தபால்காரர் கூப்பிட்டாரும்மா. கையெழுத்துப் போட்டு வாங்கினது, பிரிச்சுப் படிச்சது, அடுப்புல போட்டது, எல்லாம் சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு இப்ப கேக்கறானே, அவன்தான்.